நிழற்படத்துக்கு வாழ்க்கைப்பட்டவர்கள்

1908க்கும் 1924க்கும் இடைப்பட்ட காலத்தில் ஜப்பானின் தென்மேற்கு மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் ஹவாய்த் தீவுகளுக்குக் கப்பலேறினர். ஹிரோஷிமா, யமகுச்சி, குமமோட்டோ, ஃபுகுவோகா, ஒகினாவா ஆகிய பகுதிகளின் உழவர் குடும்பத்துப் பெண்களே அவர்களுள் மிகுதி. பிரம்புப் பெட்டியில் இரண்டு மூன்று கிமோனோக்களும் இடைக்கச்சுக்குள் பத்திரமாக ஒரு புகைப்படமும் வைத்திருந்தார்கள். அந்தப் படத்தில் இருந்தவனுக்குத்தான் அவர்கள் வாழ்க்கைப்பட்டிருந்தார்கள். அவனை அதற்குமுன் நேரில் கண்டவர்கள் குறைவு. 'ஷஷின் ஹனயோமே' என்று ஜப்பானிய மொழியிலும் 'பிக்சர் பிரைட்' என்று ஆங்கிலத்திலும் வழங்கப்பட்ட இந்தப் புகைப்பட மணப்பெண்கள் ஹவாய்க்கு மட்டும் 14,000 பேருக்கு மேல் வந்திருப்பார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகின்றனர். கலிஃபோர்னியாவுக்கும் கனடாவுக்கும் போனவர்கள் தனி.

இவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஹொனலூலூத் துறைமுகத்தில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். கையில் படத்தை வைத்துக்கொண்டு கூட்டத்தில் கணவனைத் தேடும் பெண், படத்தில் இருபத்தைந்து வயது இளைஞனாகத் தெரிந்தவன் நாற்பதைத் தொட்ட, வெயிலில் கறுத்து உலர்ந்த கூலியாளாக எதிரில் வந்து நிற்பது, அவள் அழுவது. நாடகத்தன்மை மிக்க காட்சிதான், மறுக்கவில்லை. பத்து ஆண்டுகளுக்கு முந்தைய படத்தை அனுப்பியவர்கள் இருந்தார்கள். நண்பனின் கோட்டை இரவல் வாங்கி அணிந்து படமெடுத்தவர்கள் இருந்தார்கள். நண்பனின் முகத்தையே இரவல் வாங்கியவர்களும் இருந்தார்கள். ஆனால் அந்த ஏமாற்றம் ஒரு நாளில் அல்லது ஓராண்டில் ஆறிப்போகிற ஒன்று. அதற்கப்பால் அந்தப் பெண் அதே தீவில் நாற்பது ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறாள். துறைமுகத்தோடு கதையை முடித்துக்கொள்வது அவளை என்றென்றைக்குமாக ஏமாந்த பெண்ணாகவே நிறுத்திவிடுகிறது. அவள் குடித்தனம் நடத்தியது எப்படி, தாய்வீட்டை நினைத்து ஏங்கியது எப்படி, அந்த ஏக்கத்தை எங்கே கொண்டுபோய் வைத்தாள் என்பவைதாம் என்னை ஈர்க்கும் கேள்விகள்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மெய்ஜி ஆட்சி தொடங்கிய 1868ஆம் ஆண்டிலேயே 150 பேர் அளவிலான ஒரு சிறு கூட்டம் ஹவாய்க்குப் போயிற்று. அந்த முயற்சி தொடரவில்லை. 1881இல் ஹவாய் மன்னர் கலாகவுவா ஜப்பானுக்கு நேரில் சென்று ஆட்களைக் கேட்டார். 1885 பிப்ரவரியில் 'சிட்டி ஆஃப் டோக்கியோ' என்ற கப்பல் 900க்கும் மேற்பட்டோரை ஹொனலூலூவில் இறக்கியது. அடுத்த ஒன்பதாண்டுகளில் இரு அரசுகளின் ஒப்பந்தத்தின்கீழ் 29,000 பேர் அளவில் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தனர். பெரும்பாலோர் ஆண்கள். மூன்றாண்டு ஒப்பந்தம், உழைத்து மிச்சம் பிடித்துச் சரிகைப் பட்டு உடுத்தி ஊர் திரும்ப வேண்டும் என்பது அவர்கள் வாயில் வழங்கிய கனவு. 'சரிகை உடுத்தித் திரும்புதல்' என்பது அங்கே ஒரு பழமொழி. பலர் திரும்பவும் செய்தார்கள். திரும்ப முடியாதவர்கள் லயன் வரிசைகளில் தனியாளாக முதுமையை நோக்கி நடந்தார்கள்.

ஹவாய் 1898இல் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டது. 1900இல் ஒப்பந்தக் கூலிமுறை சட்டவிரோதமாயிற்று. அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஜப்பானியர் எதிர்ப்பு முற்றியபோது, 1907-08இல் இரு அரசுகளும் கடிதப் போக்குவரத்தின் வழியாகவே ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. 'கனவான்கள் உடன்படிக்கை' என்பது அதன் பெயர். இனிமேல் கூலியாட்களுக்குக் கடவுச்சீட்டு தருவதில்லை என்று ஜப்பான் ஒப்புக்கொண்டது. ஆனால் ஏற்கெனவே அங்கே குடியிருப்பவர்களின் பெற்றோர், மனைவி, மக்கள் போகலாம். கனவான்கள் விட்டுவைத்த அந்தச் சிறு கதவு வழியாகத்தான் இத்தனை பெண்களும் போனார்கள். இந்தப் பதினாறு ஆண்டுகளை ஜப்பானியர் 'யொபியோசே' காலம் என்கின்றனர். 'அழைத்துக்கொள்ளுதல்' என்று பொருள்.

திருமணம் நடந்த முறை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. ஊரில் ஒரு தரகர் அல்லது உறவினர் இருவீட்டாரையும் விசாரிப்பார். குலம், நோய், கடன் எல்லாம் அலசப்படும். படங்கள் கடல்கடந்து போய்வரும். முடிவானதும் பெண்ணின் பெயர் அவள் பிறந்த வீட்டுப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டுக் கணவன் வீட்டுப் பதிவேட்டில் ஏறும். 1898இன் குடிமைச் சட்டப்படி அந்தப் பதிவே திருமணம். மணமகன் அருகில் இருக்கவேண்டிய தேவையில்லை. மணமகன் இல்லாமலே விருந்து நடந்தது. பதிவுக்குப்பின் ஆறு மாதம் கழித்தே கடவுச்சீட்டுக்கு மனுச்செய்யலாம் என்ற விதி இருந்ததால், பல பெண்கள் அந்த இடைக்காலத்தைக் கணவன் இல்லாத கணவன் வீட்டில், மாமியார் மாமனாருக்குப் பணிவிடை செய்தபடி கழித்தனர். கணவனின் குரலைக் கேட்பதற்குமுன் அவன் தாயின் குரலை ஆறு மாதம் கேட்டுப் பழகியிருப்பாள் அந்தப் பெண்.

ஏன் சம்மதித்தார்கள்? 'பெற்றோர் சொன்னார்கள், போனேன்' என்று பின்னாளில் பேட்டி கொடுத்தவர்களில் பலர் சொல்லியிருக்கிறார்கள். அது முழு உண்மையாக இருக்க வேண்டியதில்லை. குடும்பக் கடன் ஒரு காரணம். ஹவாய்ப் பணத்தில் கட்டிய ஓட்டுவீடுகள் ஊரில் கண்ணெதிரே நின்றன. மாமியாரோடு காலமெல்லாம் கழிக்கவேண்டாம் என்ற கணக்கும் சிலருக்கு இருந்தது. இதை அவர்களே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டதுண்டு. கடலுக்கு அப்பால் என்னதான் இருக்கிறது பார்த்துவிடுவோமே என்ற ஆசையும் சிலருக்கு.

கோபே அல்லது யோக்கஹாமாவில் கப்பல் ஏறுமுன்பே மருத்துவச் சோதனை. கண்ணோயும் கொக்கிப்புழுவும் இருந்தால் கரையிலேயே பல வாரம் நிறுத்திவைப்பார்கள். பிறகு அடித்தளத்தில் பத்து நாள் அளவில் பயணம். ஹொனலூலூவில் இறங்கியதும் மறுபடி சோதனை. குடிபுகல் நிலையத்தை அவர்கள் 'செந்நின்கோயா' என்றார்கள். ஆயிரம்பேர் கொட்டகை என்று பொருள். ஜப்பானியப் பதிவேட்டுத் திருமணத்தை அமெரிக்க அதிகாரிகள் தொடக்கத்தில் ஏற்கவில்லை. எனவே பௌத்தக் குடும்பத்துப் பெண்களைத் துறைமுகத்திலேயே வரிசையாக நிறுத்தி, ஒரு கிறித்தவப் போதகரைக் கொண்டு மொத்தமாக மணமுடித்து வைத்தார்கள். புரியாத மொழியில் அவர்களுக்கு இரண்டாம் முறை திருமணம் ஆயிற்று. எதிர்ப்பு எழுந்து இந்த வழக்கம் பின்னர் நின்றது.

இனித் தோட்டம். அங்கே நுழைந்தவுடன் ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது எண் பொறித்த உலோக வில்லை. 'பாங்கோ' எனப்பட்ட அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும். சம்பளக் கணக்கும் கடைக் கணக்கும் அந்த எண்ணின்மேல்தான். குதிரைமேல் வரும் கங்காணிக்கு ஹவாயில் 'லூனா' என்று பெயர். அவனும் எண்ணைச் சொல்லியே கூப்பிடுவான். பிறந்த வீட்டுப் பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கி ஓராண்டு முடிவதற்குள், புகுந்த வீட்டுப் பெயரும் போய் எண் வந்துவிட்டது.

கரும்புத் தோட்டம், பெண்கள், பசிபிக் தீவு என்றதும் தமிழ் வாசகருக்குப் பாரதியார்தான் நினைவுக்கு வருவார். அவர் பாடியது ஃபிஜித் தீவில் ஒப்பந்தக் கூலிகளாக இருந்த இந்தியப் பெண்களை. அந்தப் பெண்களின் நிலைமையும் இவர்களுடையதும் சட்டப்படி ஒன்றல்ல. இவர்கள் வந்தபோது ஹவாயில் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்திருந்தது. விட்டுப்போக உரிமை இருந்தது. போக இடம் இல்லை என்பது வேறு விஷயம்.

பெண்களுக்குரிய வேலையாகக் கருதப்பட்டவை களை கொத்துவதும் சோகை உரிப்பதும். சோகை உரித்தலுக்கு ஹவாய் மொழியில் 'ஹோலே ஹோலே'. கரும்பின் காய்ந்த இலை அரம்போல அறுக்கும்; சுணை உடம்பெல்லாம் குத்தும். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம். ஆண்களைவிடக் கூலி குறைவு. உச்சி வெயிலிலும் ஒரு விரற்கடைத் தோல் வெளியே தெரியாதபடி அவர்கள் உடுத்தியிருந்ததைப் பழைய புகைப்படங்களில் காணலாம்: கெண்டைக்காலில் சுற்றுத்துணி, முழங்கையிலிருந்து விரல்வரை உறை, தலையில் துணிகட்டி அதன்மேல் வைக்கோல் தொப்பி, உடம்பில் கசுரிச் சட்டை.

இந்தக் கசுரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நம் சுங்குடியில் நெய்த துணியை முடிச்சிட்டுச் சாயம் தோய்ப்பார்கள். கசுரியில் நூலையே கட்டிச் சாயம் ஏற்றிப் பிறகு நெய்வார்கள். கருநீலத்தில் வெள்ளை உருக்கள் ஓரங்களில் சற்றே கலங்கித் தெரியும். தென்மேற்கு ஜப்பானில் உழவர் வீட்டுப் பெண்கள் இதைத் தாங்களே நெய்தார்கள். கல்யாணப் பெட்டியில் தாய் நெய்ததும் மகள் நெய்ததுமாகச் சில உருப்படிகள் இருக்கும். ஹவாயில் முதல் சில மாதங்களுக்குள் அந்தக் கிமோனோக்களைக் கத்தரித்துத்தான் வயல்வேலைச் சட்டை தைத்தார்கள். சட்டை கிழிந்தால் குழந்தைக்குத் துணி. அதுவும் கிழிந்தால் மெத்தைக்கு ஒட்டு. அம்மா நெய்த துணி இப்படிப் பத்து ஆண்டு அந்த வீட்டில் வெவ்வேறு உருவத்தில் இருந்துகொண்டே இருந்தது.

இதையெல்லாம் நாம் அறிவது பெரும்பாலும் பார்பரா கவக்காமி என்ற ஒருவரின் உழைப்பால். ஜப்பானில் பிறந்து, கைக்குழந்தையாக ஹவாய்க்குக் கொண்டுவரப்பட்டு, தோட்டக் குடியிருப்பில் வளர்ந்தவர். நெடுங்காலம் தையற்காரராக வாழ்ந்து, நடுவயதைக் கடந்தபின் கல்லூரிக்குப் போனவர். முதியவர்களிடம் அவர் முதலில் கேட்டது துணிகளைப் பற்றி. 'உங்கள் துயரங்களைச் சொல்லுங்கள்' என்று கேட்டால் அந்தத் தலைமுறைப் பெண்கள் வாய் திறந்திருக்கமாட்டார்கள். 'இந்தச் சட்டை எதிலிருந்து தைத்தது?' என்று கேட்டதற்கு ஒரு வாழ்க்கையையே சொன்னார்கள். ஹவாயில் ஜப்பானியர் உடைகளைப் பற்றிய அவரது நூல் 1993இலும், அந்த மணப்பெண்களின் கதைகள் 2016இலும் வெளிவந்தன. வாய்மொழி வரலாறு தொகுப்பவர்கள் அவரிடம் கற்கவேண்டியது நிறைய.

வயல்வேலை முடிந்தபின் வீட்டுவேலை. அதற்கு மேல் இன்னொரு வேலை: தோட்டத்தில் இருந்த தனியாட்களின் துணிகளைக் கூலிக்கு வெளுப்பது. செம்மண்ணும் கரும்புச்சாறும் ஏறிய கனத்த துணிகளை இரும்பு எண்ணெய்த் தகரத்தில் போட்டு வேகவைத்து, கட்டையால் அடித்து, கஞ்சி போட்டு, கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் கொடுப்பார்கள். சிலர் அவர்களுக்குச் சமைத்தும் போட்டார்கள். விடியுமுன் ஆலைச் சங்கு ஊதுவதற்குள் பல பேருக்குச் சோற்றுப் பெட்டி கட்டிவிட வேண்டும். குடும்பம் தலைநிமிர்ந்தது என்றால் பல வீடுகளில் அது இந்தத் துணித் தொட்டியால்தான். குளியல் பொதுக் கொட்டகையில். வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு அமர்ந்திருக்கும் அந்தச் சிறிது நேரம் பெண்கள் தமக்குள் பேசிக்கொள்ளக் கிடைத்த ஒரே நேரம் என்று சொல்லலாம். பெண்ணுக்குப் பெண் உறவானது அங்கேதான். அக்காவும் அத்தையும் இல்லாத ஊரில் ஒரே மாவட்டத்துக்காரி அக்காவானாள். ஒரே கப்பலில் வந்தவள் சொந்தத் தங்கையைவிட நெருக்கமானாள்.

ஒத்துக்கொள்ள முடியாதவர்கள் ஓடியும் போனார்கள். மனைவி இன்னானோடு போய்விட்டாள், கண்டவர்கள் தெரிவிக்கவும் என்ற அறிவிப்புகளை ஜப்பானியச் செய்தித்தாள்கள் படத்தோடு வெளியிட்டன. கல்யாணத்தைச் சேர்த்துவைத்த அதே புகைப்படம் அங்கேயும் பயன்பட்டிருக்கலாம்.

இவர்களுடைய பாட்டுக்கு 'ஹோலே ஹோலே புஷி' என்று பெயர். சோகை உரிக்கும் பாட்டு. மெட்டு ஹிரோஷிமா, யமகுச்சிப் பக்கத்து வேலைப் பாட்டுகளின் சாயலில் அமைந்தது. சொற்களில் ஜப்பானியத்தோடு ஹவாய்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் கலந்திருக்கும். நான்கே அடி. நம் நடவுப்பாட்டில் போலவே கேலி, காமம், கங்காணியின்மேல் வசை, கணவன்மேல் சலிப்பு எல்லாம் வரும். மீண்டும் மீண்டும் வருவது ஒரு கேள்வி: ஒப்பந்தம் முடிந்தபின் எங்கே போவது, ஊருக்கா, அமெரிக்காவுக்கா, இங்கேயேவா? தோட்டம் ஓய்ந்தபோது இப்பாட்டுகள் தேநீர் விடுதிகளுக்குப் போய், கேளிக்கைப் பாட்டாகி, மதிப்பிழந்து, மறையும் நிலைக்கு வந்தன. ஹாரி உராட்டா என்ற இசையாசிரியர் 1960களில் தோட்டம் தோட்டமாகச் சென்று முதியவர்களிடம் ஒலிப்பதிவு செய்திராவிட்டால் நமக்கு எதுவும் மிஞ்சியிருக்காது. அந்தத் தொகுப்பை வைத்து ஃபிராங்க்ளின் ஓடோ எழுதிய நூல் 2013இல் வந்தது.

பாட்டில் வராத ஏக்கமும் உண்டு. ஜப்பானிலும் பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவது வழக்கம், 'சத்தோகயேரி' என்பார்கள். ஐந்தாம் மாதத்தில் நாள் பார்த்து வயிற்றில் ஒரு நீளத்துணியைச் சுற்றிக் கட்டும் சடங்கும் உண்டு. பல ஊர்களில் அந்தத் துணி தாய்வீட்டிலிருந்து வரவேண்டும். வளைகாப்பும் தலைப்பிரசவமும் தெரிந்த நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. ஹவாய்த் தோட்டத்தில் அந்தப் பெண் துணியைத் தானே கட்டிக்கொண்டாள். ஊரில் பயிற்சி பெற்று வந்த மருத்துவச்சிகள் சில இடங்களில் இருந்தார்கள். இல்லாத இடத்தில் அண்டைவீட்டுக்காரியோ கணவனோதான். பிள்ளை பெற்ற சில வாரங்களில், சிலர் அதற்கும் முன்பே, குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு களை கொத்தப் போனார்கள். ஏக்கம் என்பதை நாம் பெரும்பாலும் மனத்தின் நிலையாகவே பேசுகிறோம். இங்கே அது உடம்பில் ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மணியில் வந்திருக்கிறது: வலி எடுக்கும்போது அம்மா பக்கத்தில் இல்லை.

1920ஆம் ஆண்டு ஒவாஹுத் தீவில் ஜப்பானியரும் ஃபிலிப்பினோக்களும் சேர்ந்து நடத்திய ஆறுமாத வேலைநிறுத்தம் தொழிலாளர் வரலாற்றில் புகழ்பெற்றது. 77 சென்ட் நாட்கூலியை 1.25 டாலராக்க வேண்டும் என்பதை எல்லா நூல்களும் சொல்லும். கோரிக்கைப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: பிரசவத்துக்குமுன் இரண்டு வாரமும் பின் ஆறு வாரமும் கூலியோடு விடுப்பு. 1920இல் கரும்புத் தோட்டக் கூலிகள் இதைக் கேட்டிருக்கிறார்கள். தாய்வீடு கொடுத்திருக்க வேண்டிய ஓய்வைத்தான் அவர்கள் முதலாளியிடம் கேட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலாளிகள் 12,000க்கும் மேற்பட்டோரைக் குடியிருப்புகளிலிருந்து வெளியேற்றினார்கள். இன்ஃபுளுவென்சா பரவிய நேரம் அது, பலர் இறந்தனர். வேலைநிறுத்தம் முறியடிக்கப்பட்டது.

கடிதங்களுக்கு வருவோம். மெய்ஜிக் கல்விமுறையால் இவர்களில் கணிசமானோருக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஊருக்கு எழுதினார்கள். பணமும் அனுப்பினார்கள். ஆனால் கங்காணியைப் பற்றியோ, குடிக்கும் கணவனைப் பற்றியோ, முதுகில் குழந்தையோடு சோகை உரிப்பதைப் பற்றியோ எழுதவில்லை. பெற்றோர் கவலைப்படுவார்கள் என்பதால் நலம் என்றே எழுதினோம் எனப் பலர் பின்னாளில் சொன்னார்கள். கூடவே ஸ்டுடியோவில் எடுத்த குடும்பப் படம் ஒன்றும் போகும்: கணவன் கோட்டும் டையுமாக, இவள் சுருக்கம் வைத்த மேனாட்டு உடையில், குழந்தைகள் காலணியோடு. அன்றாடம் அணிபவை அல்ல. ஆக, நிழற்படத்தால் ஏமாற்றப்பட்டவள் நிழற்படத்தாலேயே தன் வீட்டாரை ஏமாற்றினாள். அவனைக் குறைசொல்ல நமக்கு இருக்கும் அவசரம் இங்கே சற்று நிதானப்பட வேண்டியிருக்கிறது. பெற்றோரின் மரணச் செய்தி வந்துசேரும்போது அங்கே ஈமச்சடங்கு முடிந்திருக்கும். மாலை குளியல் கொட்டகையில் அக்கம்பக்கத்துப் பெண்களிடம் சொல்லி அழலாம். மறுநாள் சங்கு ஊதும்.

சங்க இலக்கியத்தில் மகட்போக்கிய தாயின் புலம்பல் உண்டு. உடன்போக்கில் மகள் சென்ற வழியை நினைத்து நற்றாயும் செவிலியும் கலங்கும் பாடல்கள் நம் மாணவர்களுக்கும் மனப்பாடம். போனவள் தாயை நினைத்து அழுததை மரபு அவ்வளவாகப் பாடுவதில்லை. அவள் மறந்து வாழ்வதைத்தான் பெருமையாகப் பேசுகிறது. இந்த மௌனம் நமக்கு மட்டும் உரியதன்று போலும்.

இதைவிடக் கடினமான பக்கம் ஒன்றுண்டு. இருவரும் வேலைக்குப் போகவேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. எப்படியும் சில ஆண்டுகளில் திரும்பப்போகிறோம். அதுவரை பிள்ளைகள் ஊரில் தாத்தா பாட்டியிடம் வளரட்டும், ஜப்பானியக் கல்வியும் கிடைக்கும் என்று பல தம்பதியர் மூன்று நான்கு வயதுக் குழந்தைகளைத் தெரிந்தவர்களோடு கப்பலில் அனுப்பிவைத்தார்கள். தாயைப் பிரிந்து வந்தவள் இப்போது தன் பிள்ளையையும் பிரிந்தாள். அம்மாவிடம் தன்னால் போக முடியவில்லை, பிள்ளையாவது இருக்கட்டும் என்ற எண்ணம் அதில் கலந்திருக்காது என்று சொல்வதற்கில்லை. அப்படி வளர்ந்து பதினைந்து பதினெட்டு வயதில் ஹவாய்க்குத் திரும்பியவர்களுக்குக் 'கிபெய்' என்று பெயர். அவர்கள் கப்பலிலிருந்து இறங்கும்போது பெற்ற தாயைப் புகைப்படத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டிருப்பார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த தம்பி தங்கையரோடு அவர்களுக்கு மொழி ஒட்டவில்லை; தாயோடு மனம் ஒட்டச் சில வீடுகளில் ஆயுள் முழுவதும் ஆயிற்று.

ஒகினாவாப் பெண்களுக்கும் கொரியப் பெண்களுக்கும் இந்தச் சுமை கூடுதல். ஒகினாவாவிலிருந்து வந்தவர்களில் மூத்தவர்களின் கைகளில் குலவழக்கப்படி பச்சை குத்தியிருந்தது. மற்ற ஜப்பானியர் அதைக் கேலி செய்ததால் கைகளை மறைத்தே பழகினார்கள். கொரியாவிலிருந்து ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான மணப்பெண்கள் 1910 முதல் வந்தனர். அந்த ஆண்டுதான் கொரியாவை ஜப்பான் இணைத்துக்கொண்டது. அவர்கள் ஏங்கிய தாய்நாடு வரைபடத்தில் இல்லை. துணி வெளுத்த காசில் விடுதலை இயக்கத்துக்கு அனுப்பிய அந்தப் பெண்களைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.

கதவு 1924இல் மூடியது. கலிஃபோர்னியாவின் எதிர்ப்பால், மணப்பெண்களுக்கு அமெரிக்கத் தலைநிலத்துக்கான கடவுச்சீட்டு தருவதை ஜப்பான் 1920இலேயே நிறுத்தியிருந்தது. 1924ஆம் ஆண்டின் குடிபுகல் சட்டம் ஹவாய் உட்பட எல்லாவற்றையும் அடைத்தது. இதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1922இல், ஜப்பானியர் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று டக்காவோ ஒசாவா வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. இதற்குப்பின் தங்கையையோ தாயையோ அழைத்துக்கொள்ள வழியில்லை. 'சில ஆண்டுகள்' என்று வந்தவர்களுக்குத் திரும்பிப் போவது என்பது பிள்ளைகளின் பள்ளியை, பிள்ளைகளின் ஆங்கிலத்தை, பிறப்பால் பிள்ளைகளுக்குக் கிடைத்த குடியுரிமையை விட்டுப்போவதாயிற்று. 'கொதொமோ நோ தமே நி' — பிள்ளைகளுக்காக — என்ற தொடர் அந்தத் தலைமுறையின் வாயில் ஓயாமல் வழங்கியது. தங்குவதற்கும் அதே காரணம், தாங்குவதற்கும் அதே காரணம்.

1941 டிசம்பர் 7ஆம் நாள் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. கலிஃபோர்னியாவில் போல ஹவாயில் எல்லாரையும் முகாமில் அடைக்கவில்லை. தீவுகளின் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவர்களாக இருந்தபோது அது இயலாது. குருமார்களையும் மொழிப்பள்ளி ஆசிரியர்களையும் பிடித்துச் சென்றார்கள். மற்றவர்கள் அச்சத்தில் ஜப்பானிய எழுத்து உள்ள எதையும் வீட்டில் வைத்திருக்கத் துணியவில்லை. முப்பது ஆண்டுகளாகப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்த அம்மாவின் கடிதங்கள் கொல்லைப்புறத்தில் எரிந்தன. சிலர் புதைத்தார்கள். நம்மிடம் இந்தப் பெண்களின் எழுத்து அவ்வளவு குறைவாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

பிள்ளைகள் அமெரிக்கப் படையில் சேர்ந்து இத்தாலியிலும் பிரான்சிலும் போரிட்டார்கள். ஆயிரம் பெண்கள் ஆளுக்கொரு தையல் போட்ட கச்சையைப் போர்வீரனுக்குக் கட்டி அனுப்பும் ஜப்பானிய வழக்கத்தைச் சில தாய்மார்கள் அந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் செய்தார்கள். ஊரில் விட்டிருந்த பிள்ளைகளோ அங்கேயே அகப்பட்டுக்கொண்டார்கள். 1945 ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா. ஹவாய்க்கு மிகுதியாக மக்களை அனுப்பிய மாவட்டம் அதுதான் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். குண்டு போட்ட நாட்டின் வெற்றியை ஊரார் கொண்டாடும்போது, யார் உயிரோடிருக்கிறார்கள் என்ற செய்திக்காகப் பல மாதம் காத்திருந்த பெண்கள் அத்தீவுகளின் ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்தார்கள். தபால் திறந்ததும் அரிசி, சர்க்கரை, பழந்துணி என்று பொட்டலம் கட்டி அனுப்பத் தொடங்கினார்கள்.

இலக்கியம் இவர்களைத் தாமதமாகவே கண்டுகொண்டது. தன் கொரியப் பாட்டியை நினைத்து கேத்தி சாங் எழுதிய கவிதையின் பெயரில் அவரது தொகுப்பு 1983இல் வந்தது. கயோ ஹட்டாவின் 'பிக்சர் பிரைட்' திரைப்படம் 1995இல் சன்டான்ஸ் விழாவில் பார்வையாளர் விருது பெற்றது. துணி வெளுக்கும் காட்சிகளுக்காகவும், ஊமைப்படத்துக்குக் கதை சொல்லும் கலைஞனாகச் சிறிது நேரமே வந்துபோகும் தொஷிரோ மிஃபுனேவுக்காகவும் அதைப் பார்க்கலாம். ஜூலி ஒட்சுகாவின் நாவல் 'தி புத்தா இன் தி ஆட்டிக்' 2011இல் வெளிவந்தது. கலிஃபோர்னியா சென்றவர்களைப் பற்றியது. 'நாங்கள்' என்ற பன்மையிலேயே முழு நாவலையும் சொல்கிறார். அந்தப் பன்மை சிலருக்கு அலுப்பூட்டலாம். எனக்கு அது குளியல் கொட்டகையின் குரலாகக் கேட்டது.

1952ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குக் குடியுரிமையைத் திறந்தது. அறுபது வயதை எட்டியவர்கள் வகுப்புகளுக்குப் போய்ப் பாடம் படித்து உறுதிமொழி எடுத்தார்கள். அதையடுத்து விமானத்தில் ஊருக்குப் போய்வந்தவர்கள் பலர். பெற்றோரின் கல்லறைக்கு நீர் ஊற்றினார்கள். இவர்கள் பேசிய ஹிரோஷிமாப் பேச்சு மெய்ஜி காலத்தது; உறவுப் பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். தங்கள் ஊரில் தாங்கள் ஹவாய்க்காரி என்று அழைக்கப்படுவதை அங்கே கேட்டார்கள். சில வாரங்கள் தங்கினார்கள். பிறகு, பேரப்பிள்ளைகளுக்குப் பண்டம் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

கரும்புத் தோட்டங்கள் ஒவ்வொன்றாக மூடி, கடைசி ஆலை 2016இல் மாவி தீவில் நின்றுபோனது. முன்னோரை வரவேற்கும் 'போன்' நடனம் நிற்கவில்லை. ஜப்பானில் அது சில நாள் விழா. ஹவாயில் கோடைக்காலம் முழுவதும் வாரத்துக்கொரு கோயிலாகச் சுற்றிவருகிறது. வட்டமாக ஆடும் கூட்டத்தில் எல்லா இனத்தவரும் இருக்கிறார்கள். நடுமேடையில் பாடப்படும் பாட்டு யமகுச்சி மாவட்டத்து இவாக்குனி ஊருக்குரியது.